சுவரில் வைத்த நூல்

எங்கள் ஊர் பெலிடோவோவில் அருங்காட்சியகத்துக்கு யாரும் தானாகப் போவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தடவை வரிசையாக ஓட்டிக்கொண்டு போவார்கள். வெளியூர் விருந்தாளி வந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டால், வேறு போக்கிடம் இல்லாமல் வீட்டுக்காரர்கள் அவரை அங்கே கூட்டிப் போவார்கள். பழைய நகராட்சி மாளிகைதான் அது. கீழே, குடித்துவிட்டுச் சண்டை போட்டவர்களை ஒரு காலத்தில் அடைத்துவைத்த காவல் அறை. மேலே, ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கத்திய மன்றக்கூடம். துருக்கியர் போன பிறகு ஊர் தன் கையால் கட்டிய முதல் கட்டடம் என்று எங்களுக்கெல்லாம் பெருமை உண்டு. உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் முழங்கால் வலி வந்துவிடும்.

நெவேனா அங்கே இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்தாள். சீட்டுக் கிழிப்பது, விளக்கம் சொல்வது, கூட்டிப் பெருக்குவது, குழாய் ஒழுகினால் திட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். குள்ளமான உருவம், ஐம்பத்தேழு வயது, இடுப்பில் சாவிக்கொத்து. வாசலைத் தாண்டி எந்தப் பழம்பொருள் வந்தாலும் முதலில் நாடாவை எடுத்து அளப்பாள், பெரிய பதிவேட்டில் நீளம் அகலம் எழுதுவாள், அப்புறம்தான் அது என்ன பொருள் என்றே கேட்பாள். மரக்கரண்டியானாலும் சரி, செத்துப்போன பாதிரியாரின் மூக்குக்கண்ணாடியானாலும் சரி.

அவள் புருஷன் யோன்கோ, ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். நல்ல நெட்டை. வாசல்களில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துபோன ஆள். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதாக அவன் வாழ்க்கையில் சரித்திரமே கிடையாது. மணி என்ன என்று கேட்டால், உனக்கு எத்தனை வேணும் என்பான். தினமும் காலை பத்து மணிக்கு மேல் சூடான பனிட்சா அடையைத் துணியில் சுற்றி அவளுக்குக் கொண்டுவருவான். பாலாடைக்கட்டி உள்ளே உருகி வழியும். அவனுக்குச் சமைக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். அவளுக்கு அது போதும். முப்பது வருஷம் ஒரு ஆளோடு வாழ்ந்தும் அவன் காலடிச் சத்தம் கேட்டதும் முகம் மலர்கிற பெண்கள் எங்கள் ஊரில் ரொம்ப இல்லை. நெவேனா அதில் ஒருத்தி.

அந்த வருஷம் பனி உருகியபோது கிழக்குச் சுவர் விரிசல் விட்டது. காவல் அறைப் பக்கச் சுவர். மே இருபத்துநான்கு, எழுத்துத் திருநாள் அன்று மாளிகையைப் புதுப்பித்துத் திறக்கப்போவதாக மேயரம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டதால், ரங்கேல் மேஸ்திரி இரண்டு கொத்தனார்களோடு வந்து இறங்கினார். முதல் நாளே அடிச்சுவரைப் பிரித்தபோது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு மண்கலயம் இருந்தது. உள்ளே சிவப்புக் கம்பளி நூல், இரண்டு முனையிலும் முடிச்சு.

கொத்தனார்கள் இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்பவர்களுக்கும் எங்கள் ஊரில் அது என்னவென்று தெரியும். கட்டக் கட்டச் சுவர் நிற்காவிட்டால் அந்தக் காலத்து மேஸ்திரிகள் வழியில் போகிற யாராவது ஒருவரின் நிழலை, அவருக்குத் தெரியாமல், நூலால் அளப்பார்கள். அந்த நூலைச் சுவருக்குள் வைத்துக் கட்டிவிடுவார்கள். சுவர் நிற்கும். நிழலைப் பறிகொடுத்தவர் நாற்பது நாளில் போய்ச் சேருவார். போனவர் தலசம் என்கிற காவல் ஆவியாகி அந்தக் கட்டடத்தைக் காத்துக்கொண்டு அங்கேயே கிடப்பார்.

"எடுத்த எடத்துலயே வச்சிருவோம் நெவேனாம்மா," என்றார் ரங்கேல். "பகல் வெளிச்சம் ரொம்பப் படறதுக்குள்ள."

"அதெப்படி வைப்பீங்க? இருபத்திரண்டு வருஷத்துல இந்தக் கட்டடம் எனக்குக் குடுத்த ஒரே நல்ல சாமான் இது. மேல குடுங்க."

"வெயில் பாத்த நூல் திரும்பச் சுவரப் பிடிக்காதும்மா."

"ஏற்கெனவே பாத்துருச்சு. குடுங்க."

வாங்கினாள், அளந்தாள், எழுதினாள். மன்றக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நூலைச் சுருட்டி வைத்தாள். அதோடு விட்டாளா? தேவாலயத்து மரணப் பதிவேட்டையும் புரட்டினாள். அடிக்கல் நட்ட நாளிலிருந்து சரியாக நாற்பதாவது நாளில் ஒரே ஒரு சாவுதான். வெல்யானா, நெசவுக்காரி, பத்தொன்பது வயது. பெயருக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துப் பாதிரியார் 'நெட்டைப் பெண்' என்று குறித்திருந்தார். நெவேனாவுக்கு ஏக சந்தோஷம். அருங்காட்சியகக்காரர்கள் அப்படித்தான், பெயரும் தேதியும் சரியாக உள்ள ஒரு பிணம் கிடைத்துவிட்டால் அவர்களுக்குப் பண்டிகை. அட்டையில் அழகாக எழுதி வைத்தாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் பெட்டிக்குள் நூல் சுருண்டு கிடக்கவில்லை. மூலைக்கு மூலை நீட்டிக் கிடந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவள் இடுப்பில். கம்பளியின் முறுக்கு தளர்ந்திருக்கும் என்று திரும்பச் சுருட்டி வைத்தாள். அடுத்த நாளும் நீட்டித்தான் கிடந்தது. அதற்கடுத்த நாளும்.

பிறகு நடைச் சத்தம். உள்ளே இல்லை, வெளியே, கட்டடத்தைச் சுற்றி. பட்டப்பகலில், சந்தைக்கடைக்காரர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில், வெறுங்கால் நடை ஒன்று கிழக்குச் சுவரில் தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்குச் சுவரிலேயே வந்து நிற்கும். ஜன்னலைத் திறந்து பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். வாசற்கதவை இழுத்துப் பார்க்கிற மாதிரி கைப்பிடி லேசாக அசையும். நெவேனா ஒருநாள் கோபத்தில் கதவை அகலத் திறந்து, "வரதுன்னா வா, போறதுன்னா போ," என்றாள். ஈரச் சுண்ணாம்பு வாசனை குப்பென்று உள்ளே வந்தது. அதன்பிறகு கதவைத் திறக்கும் வேலையை அவள் வைத்துக்கொள்ளவில்லை.

சுவரும் நிற்கவில்லை. ரங்கேல் கட்டினார், ஒரு முழ உயரத்தில் பிளந்தது. பிரித்துக் கட்டினார், வயிறு தள்ளியது. மூன்றாவது தடவை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து நேராகக் கட்டியது, காரை காய்வதற்குள் சரிந்து கொத்தனார் ஒருவரின் காலை நசுக்கியது.

ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. நல்ல வெயில். மேயரம்மா தொலைபேசியில் கத்திவிட்டு வைத்த சூட்டோடு நெவேனா முற்றத்துக்கு இறங்கி வந்தாள்.

"என்ன மேஸ்திரி, ஒரு சுவரக் கட்ட இன்னும் எத்தன மாசம்?"

"காரணம் உங்களுக்கே தெரியும். மேல பெட்டிக்குள்ள இருக்கு."

"சரி, உங்களுக்கு நிழல்தான வேணும்? என்னோடத அளந்துக்கோங்க. இருபத்திரண்டு வருஷம் இதுக்குள்ளயே கெடந்தாச்சு, நிழல மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயி என்ன பண்ணப்போறேன்?"

"வெளையாடாதீங்கம்மா."

"வெளையாடல. இந்தா நிக்கிறேன். அளங்க."

சூரியனுக்கு முதுகைக் காட்டி, இடுப்பில் கைவைத்து நின்றாள். ரங்கேல் கெட்டவரில்லை. ஆனால் மூன்று தடவை விழுந்த சுவர் ஒரு மேஸ்திரியை எதையும் செய்ய வைக்கும். அவர் நூலை எடுத்தார். அளக்கும்போது ஆளின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் பழக்கம். தரையை மட்டும் பார்த்தபடி அவள் குதிகாலில் ஒரு முனையை வைத்து, நிழலின் தலைவரை இழுத்து, முடிச்சுப் போட்டார். நெவேனாவுக்குச் சிரிப்பாக இருந்தது. முதுகில் மட்டும் அத்தனை வெயிலிலும் குளிர்ந்தது, நிலவறைக் கதவை யாரோ பின்னால் திறந்துவிட்ட மாதிரி. திரும்பிப் பார்ப்பதற்குள் வாசல் பக்கமிருந்து யோன்கோவின் குரல் கேட்டது, கையில் பனிட்சா.

அன்று மாலை ரங்கேல் அந்த நூலை வைத்துக் கட்டினார். சுவர் நின்றது.

எல்லாமே நின்றது. நடைச் சத்தம் நின்றது, கைப்பிடி அசைவது நின்றது, பெட்டிக்குள் பழைய நூல் சுருட்டியபடியே கிடந்தது. எழுத்துத் திருநாள் அன்று இசைக்குழு வந்தது, மேயரம்மா நாடா வெட்டினார், ஊரே முழங்கால் வலியை மறந்து படியேறி வந்து பார்த்தது. நெவேனாவுக்கு அவ்வளவு நல்ல நாள் அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் வாய்த்ததில்லை. நிழல் விஷயத்தை அவள் மறந்தே போனாள்.

இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை மதியம், கூட்டம் போன பிறகு ரங்கேல் வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"நா ஒரு பாவம் பண்ணிட்டேன் நெவேனாம்மா."

"ஒண்ணே ஒண்ணுதானா?"

"அந்த நூல் உங்களோடது இல்ல."

நெவேனா சிரித்தாள். "அப்ப நா பொழைச்சேன்னு சொல்லுங்க."

"நீங்க பொழைச்சீங்க. மறுநாள் அதே நேரத்துல, அதே எடத்துல நின்னு மணலுக்காக என்னத் திட்டினீங்களே, அப்பத்தான் கவனிச்சேன். உங்க நிழல் முற்றத்துத் தரையில மூணாவது கல்லோட முடிஞ்சுபோச்சு. நா அளந்தது அஞ்சாவது கல்லு வரைக்கும் வந்துச்சு. உங்களுக்குப் பின்னால ஒட்டி யாரோ நின்னிருக்காங்க. நெட்டையான ஆளு. ரெண்டு நிழலும் ஒண்ணா விழுந்துருக்கு." ரங்கேல் தொப்பியைக் கசக்கினார். "உங்க நிழல் இல்லன்னு தெரிஞ்சப்ப மொதல்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு. இப்பத் தூக்கம் வரல. வர்ற செவ்வாயோட நாப்பது நாள்."

நெட்டையான ஆள். பனிட்சாவைத் தூக்கிக்கொண்டு அந்த நேரத்துக்கு வருகிற ஆள்.

"எடுத்துருங்க மேஸ்திரி. இப்பவே எடுங்க."

"எடுத்தா சுவர் நிக்காதும்மா. நா அதுல கை வைக்க மாட்டேன். வாசக்கல்லுலேருந்து நாலாவது கல்லு, முழங்கால் உயரம். சொல்லத்தான் என்னால முடியும்."

வீட்டுக்குப் போனதும் கேட்டாள். யோன்கோ வானொலியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு ரங்கேல் என்னோட நிழல அளந்தப்ப, நீ எனக்குப் பின்னாலயா நின்ன?"

"நா எப்பவும் உனக்குப் பின்னாலதான நிக்கிறேன். முப்பது வருஷமா ஊருக்கே தெரியும்."

"யோன்கோ, ஒழுங்கா சொல்லு."

"ஒழுங்காத்தான் சொல்றேன். முன்னால நின்னா நீ விடுவியா?"

அவன் வாயிலிருந்து அதற்கு மேல் எதுவும் பெயரவில்லை. கேட்கிற காரணத்தைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான், அதைத் தாங்கும் தெம்பு அவளுக்கு இல்லை. இதையெல்லாம் நம்புகிறவளா நான் என்று தன்னைத்தானே ஒரு நாள் முழுக்கத் திட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யோன்கோ மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சைத் தடவிக்கொண்டான். முகம் சுண்ணாம்பு நிறம்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. படி ரெண்டு கூடிருக்கு போல. யாரு கட்டினது, ரங்கேலா?"

மருத்துவரிடம் வர மறுத்துவிட்டான். அதற்குப் பிறகு நெவேனா நம்பிக்கையைப் பற்றி யோசிக்கவில்லை. சுவர் போனால் போகட்டும். மாளிகை போனால் போகட்டும், மேயரம்மா வேலையை விட்டுத் துரத்தினால் துரத்தட்டும். இந்த ஆள் இல்லாத வீட்டில் அவளால் ஒரு நாள்கூட இருக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. காலையிலேயே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காவல் அறையில் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். கல் உடைக்கிற உளியும் சுத்தியலும் காட்சிக்கு வைத்திருந்ததுதான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷத்துச் சாமான். நாலாவது கல். காரை இன்னும் முழுக்க இறுகவில்லை. மூன்று மணி நேரம் கொத்தினாள். கை இரண்டும் கொப்பளித்தது. கல்லை ஆட்டி ஆட்டி வெளியே இழுத்தபோது சுவருக்குள் எங்கோ ஒரு பெருமூச்சு மாதிரி காற்று இறங்கியது. உள்ளே கைவிட்டாள். நூல் கிடைத்தது.

மே மாதத்தில் பனிக்கட்டி போலச் சில்லென்று இருந்தது அது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அழுகையும் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவளை, பழகிய கால் மன்றக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. மேசைமேல் நூலைப் போட்டாள். பதிவேட்டைத் திறந்தாள். நாடாவை எடுத்து அளந்தாள். முடிச்சிலிருந்து முடிச்சு வரை இருநூற்று முப்பத்தொன்று சென்டிமீட்டர். எழுதினாள்.

எழுதின கை அப்படியே நின்றது. இதே எண்ணை இதே பேனாவால் இந்த வருஷத்தில் ஒரு தடவை எழுதியாயிற்று.

எழுந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பழைய நூலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். முனைக்கு முனை, முடிச்சுக்கு முடிச்சு, ஒரு நூலிழை வித்தியாசம் இல்லை. உயிரோடு இருக்கிறவர்களின் நிழல் வெயிலுக்குத் தக்கபடி வளரும், குறையும். செத்தவளின் நிழலுக்கு என்றைக்கும் ஒரே அளவு.

முற்றத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் குளிர்ந்தது யார் என்று அப்போது புரிந்தது. வீட்டை இழந்து சுவரைச் சுற்றிச் சுற்றி வந்த வெல்யானா, தன்னைப் பிடுங்கி எறிந்த பெண் தன் நிழலை விளையாட்டாக நீட்டி நின்றபோது, பின்னால் வந்து நின்று தன்னுடையதைக் கொடுத்திருக்கிறாள். நாற்பதாவது நாளில் யாரும் சாகப்போவதில்லை. சாக வேண்டியவள் எப்போதோ செத்துவிட்டாள். அவளை இரண்டாவது தடவையும் நெவேனா வெளியே இழுத்துப் போட்டுவிட்டாள்.

கீழே கதவு திறந்தது.

"நெவேனா," யோன்கோவின் குரல் படிக்கட்டு வழியாக மேலே வந்தது. "ஊர்ச் சொத்துல இவ்வளவு பெரிய ஓட்ட போட்டது யாரு? நீயா, எலியா?"

"யோன்கோ, அந்த ரூம்ல நிக்காத. வெளிய போ."

"பனிட்சா ஆறிப்போகும். எறங்கி வா."

"வெளிய போன்னு சொல்றேன்ல." அவள் படிக்கு ஓடினாள். கால் தடுக்கியது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு, மேல மண்ணு உதிருது. அந்தக் கல்லத் திரும்பச் சொருகிட்டு வந்துடறேன். இல்லன்னா உன் கடை உக்காந்துரும்."

அவள் ஏழாவது படியில் இருந்தபோது கிழக்குச் சுவர் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை என்று அவள் பிறகு சொன்னாள். தானிய மூட்டையை இறக்கிவைக்கிற சத்தம்தான். மன்றக்கூடத்தில் ஒரு கண்ணாடியில்கூட விரிசல் விழவில்லை. காவல் அறையின் சுவர் மட்டும், அதுவும் யோன்கோ குனிந்திருந்த அந்தப் பக்கம் மட்டும் விழுந்திருந்தது. தூசி அடங்கியபோது துணியில் சுற்றிய பனிட்சா வாசலருகே அப்படியே இருந்தது.

இறுதிச் சடங்கில் பாதிரியார் அதானஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக ஏதேதோ சொன்னார். "என்ன மனுஷன்மா. அன்னைக்கு ரங்கேல் உன் நிழல அளந்துட்டு இருந்தப்ப, வெளிய ரோட்டுல என்னோட நின்னு சிரிச்சுக்கிட்டே இருந்தான். அவங்க முடிக்கட்டும், அப்புறம் உள்ள போறேன், நடுவுல போனா என்னையும் சேத்து அளந்துருவான்னான்."

யோன்கோவின் முகம் போட்ட மரண அறிவிப்பு ஊர்ச் சுவர்களிலெல்லாம் ஒட்டியிருந்தது. அருங்காட்சியகக் கதவில் ஒட்டியதை அவளே ஒட்டினாள். ஒன்பதாம் நாள் கும்பிட்டு முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டாள், வீட்டில் உட்கார முடியவில்லை. பெட்டிக்குள் இரண்டு நூல்களும் சுருட்டி வைத்தபடியே கிடந்தன. எதுவும் அசையவில்லை. யாரும் சுவரைச் சுற்றி நடக்கவில்லை.

ஜூன் கடைசியில் ரங்கேல் வந்து கிழக்குச் சுவரை எடுத்துக் கட்டினார். அவளிடம் பேசவில்லை, கண்ணையும் பார்க்கவில்லை. நான்கு நாள் வேலை. பிளக்கவில்லை, சரியவில்லை. கடைசிக் கல்லை வைத்துத் தூக்குக்குண்டு விட்டார். குண்டு அசையாமல் நின்றது. இவ்வளவு நேரான சுவரை வாழ்நாளில் கட்டியதில்லை என்று கொத்தனார்கள் அதிசயப்பட்டார்கள்.

நெவேனா காவல் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இந்தத் தடவ நூல் வைக்கலையா மேஸ்திரி?"

ரங்கேல் கரண்டியில் ஒட்டியிருந்த காரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தேவைப்படலம்மா," என்றார்.